அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்காமல் ஒரு பழைய பிக்கப்பை மீட்பது எப்படி

பல ஆண்டுகள் கொட்டகையில் கிடந்த பிக்கப் டிரக் ஒன்று வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் கை துறுதுறுக்கும். முதல் வாரம் மட்கார்டு இறங்கும். அடுத்த வாரம் பானட், பிறகு கேபின், இன்ஜின். மூன்றே மாதத்தில் வண்டி நின்ற இடத்தில் வெறும் சேசிஸும் அதைச் சுற்றி அட்டைப்பெட்டிகளும்தான் மிஞ்சும். எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்பது கழற்றியவருக்கே மறந்திருக்கும். பாதியில் நின்றுபோய் விற்பனைக்கு வரும் பழைய வண்டிகளை அடிக்கடி இந்தக் கோலத்தில்தான் பார்க்கிறோம்.

வண்டியைச் சீரமைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சேசிஸ் வரை எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் புதுப்பித்து, மறுபடி கட்டுவது. இதற்குப் பெரிய இடம், பல ஆண்டுப் பொறுமை, எல்லா வேலையிலும் கைப்பழக்கம் மூன்றும் வேண்டும். இன்னொன்று, ஓட்டத்திலேயே சீரமைப்பது. ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் கழற்றி, சரிசெய்து, திரும்பப் பூட்டி, சோதித்த பிறகே அடுத்ததைத் தொடுவீர்கள். வண்டி எந்த மாதத்திலும் நான்கு சக்கரத்தில் நிற்கும், முடிந்தவரை ஓடும். முதல்முறை இறங்குபவருக்கு ஏற்றது இரண்டாவது வழிதான். சேசிஸே உளுத்துப்போன வண்டிக்கு மட்டும் அது பொருந்தாது.

பழைய பிக்கப்புக்கு இந்த முறை பொருந்துவதற்குக் காரணம் அதன் அமைப்பு. ஏணி போன்ற ஒரு சேசிஸ்: நீளவாக்கில் இரண்டு எஃகு உத்திரங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். கேபின், பின்பக்கச் சரக்குப் பெட்டி, மட்கார்டுகள் எல்லாம் தனித்தனியாக போல்ட்டில் நிற்கின்றன. 1947 முதல் 1955 வரை வந்த செவ்ரோலெ 3100, 1948 முதல் 1952 வரை வந்த ஃபோர்டு எஃப்-1 இரண்டும் இப்படிப்பட்டவை. சேசிஸும் உடலும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட காரில் ஒரு மூலை துருவைத் தொட்டால் வண்டி முழுவதையும் தொட வேண்டியிருக்கும். பிக்கப்பில் அப்படியில்லை. பின்பெட்டியைத் தனியாக இறக்கினால் சேசிஸின் பின்பாதி, பின் அச்சு, லீஃப் ஸ்பிரிங், பிரேக் குழாய் அத்தனையும் கண்ணெதிரே வந்துவிடும். நான்கு பேர் கைகொடுத்தால் ஒரு நாளில் முடிகிற வேலை.

முதலில் சுத்தியலும் காந்தமும்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒரு சிறிய சுத்தியலோடு வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். சேசிஸை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போனால் நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும். துரு தின்ற இடம் சொத்தென்று மந்தமாகக் கேட்கும், சில நேரம் சுத்தியல் உள்ளேயே இறங்கிவிடும். லீஃப் ஸ்பிரிங்கைத் தாங்கும் பிடிமானங்கள், பின் அச்சுக்கு மேலே உள்ள பகுதி, இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ரிவெட் அடித்த இடங்கள் ஆகியவற்றை நிதானமாகப் பாருங்கள். தகடுகளுக்கு இடையே துரு வளர்ந்தால் அது ரிவெட்டையே இழுத்துப் பிய்க்கும். உலோகம் துருவாக மாறும்போது பல மடங்கு பருக்கும்.

கேபினில் கெடும் இடங்கள் எப்போதும் அதேதான்: கதவுக்குக் கீழே உள்ள படி, பின்பக்கக் கீழ் மூலைகள், கால் வைக்கும் தரை, கேபின் சேசிஸோடு சேரும் பிடிமானங்கள். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி இந்த இடங்களில் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் வழுக்கி விழுந்தால் அங்கே பெயிண்டுக்கு அடியில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது.

வண்டியின் வரிசை எண் ஆவணத்தில் உள்ள எண்ணோடு பொருந்துகிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். பிழை இருந்தால், நூறு மணி நேர உழைப்புக்குப் பிறகு தெரிவதைவிட முதல் நாளில் தெரிவது நல்லது.

தூக்கி நிறுத்துவது பற்றி ஒரு வார்த்தை. ஜாக் தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு அல்ல. சமமான, கெட்டியான தரையில் ஜாக் ஸ்டாண்டுகளை சேசிஸுக்கோ அச்சுக்கோ கீழே வைத்து, வண்டியைக் கையால் பலமாக ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். செங்கல்லும் சிமென்ட் கல்லும் முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும்.

பிரேக்: இன்ஜினுக்கு முந்தைய வேலை

எல்லோருக்கும் முதலில் இன்ஜின் சத்தத்தைக் கேட்கத்தான் ஆசை. ஆனால் இன்ஜின் கிளம்பிவிட்டால் வண்டியை வாசல் வரையாவது ஓட்டாமல் யாராலும் இருக்க முடியாது. அதனால் நிற்கும் வழியை முதலில் உறுதிசெய்யுங்கள்.

அந்தக் காலப் பிக்கப்புகளில் பிரேக் ஆயில் ஒரே சுற்றாகத்தான் ஓடும். மாஸ்டர் சிலிண்டரில் (பிரேக்கை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் உருளை) ஒரு அறை மட்டும் இருக்கும், நான்கு சக்கரத்துக்கும் அதே ஆயில். எங்கேயாவது ஒரு குழாய் விட்டுப்போனால் நான்கு பிரேக்கும் ஒரே நேரத்தில் போய்விடும். பாதி போனாலும் மீதி பிடிக்கும் இரட்டைச் சுற்று பிறகுதான் வந்தது. ஆகவே இந்த வண்டிகளில் “பின்பக்கம் லேசாகத்தான் கசிகிறது” என்ற பேச்சுக்கே இடமில்லை. பல மாடல்களில் மாஸ்டர் சிலிண்டர் கால் வைக்கும் தரைக்கு அடியில் இருப்பதால் ஆயில் மட்டத்தைப் பார்க்கவே பலர் மறந்துவிடுகிறார்கள். தரையில் உள்ள சிறிய மூடியைத் திறந்து பாருங்கள்.

டிரம் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் உருளை) கழன்று வராவிட்டால் சுத்தியலால் அடித்து உடைக்க வேண்டாம். தேய்ந்த டிரம்மின் விளிம்பில் ஒரு வரம்பு உருவாகியிருக்கும். ஷூ (டிரம்மை உள்ளிருந்து உரசிப் பிடிக்கும் வளைந்த துண்டு) அதில் மாட்டிக்கொள்வதுதான் பெரும்பாலும் காரணம். பின்தட்டில் உள்ள துளை வழியாக அட்ஜஸ்டரைத் தளர்த்தி ஷூவை உள்ளே இழுத்தால் டிரம் வந்துவிடும். உள்ளே இருக்கும் தூசியை ஊதவே கூடாது. பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும், அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் வெளியேறாது. நன்றாக ஈரப்படுத்தித் துணியால் துடைத்து, துணியை ஒரு பையில் கட்டி அகற்றுங்கள்.

மாற்ற வேண்டியவை: நான்கு சக்கரத்தின் வீல் சிலிண்டர்களும் (ரப்பர் கப் மட்டும் மாற்றினால், உள்சுவரில் குழி விழுந்த சிலிண்டர் சில வாரங்களில் மறுபடி கசியும்), மாஸ்டர் சிலிண்டர், ரப்பர் ஹோஸ்கள், துருப்பிடித்த குழாய்கள். ரப்பர் ஹோஸ் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உள்ளே வீங்கித் துளை அடைத்திருக்கும். அப்படி அடைத்தால் மிதிக்கும்போது ஆயில் சக்கரத்துக்குப் போகும், ஆனால் திரும்பி வராது. அந்தச் சக்கரம் பிடித்தபடியே ஓடிச் சூடாகும். ஒரு பக்கமாக இழுக்கும் வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த ஹோஸைத்தான்.

குழாய்க்கு எஃகோ, செம்பு-நிக்கல் கலவையோ போடுங்கள். வெறும் செம்புக் குழாய் அதிர்வில் களைத்து விரிசல் விடும். முனையை இரட்டை மடிப்பாக விரிக்க வேண்டும். ஒற்றை மடிப்பு பிரேக் அழுத்தத்தில் கிழியக்கூடும். நட்டைக் குழாயில் நுழைத்துவிட்டுத்தான் முனையை விரிக்க வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் ஒருமுறையாவது மறந்து குழாயை வெட்டி எறிந்திருப்பார்கள்.

டிரம்மின் உள்விட்டத்தை அளந்து பாருங்கள். மூல அளவைவிட 1.5 மி.மீ.க்கு மேல் பெரிதாகியிருந்தால் கடைவதற்கு இனி உலோகம் இல்லை, மாற்றத்தான் வேண்டும். பிறகு ஆயில். டாட் 3, டாட் 4 ஆயில்கள் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், பெயிண்டை அரிக்கும். சிலிகான் வகையான டாட் 5 இரண்டையும் செய்யாது, ஆனால் மற்ற இரண்டோடும் சேராது. எது போட்டாலும் ஒன்றை மட்டும் போடுங்கள், வண்டியில் ஒரு சீட்டு ஒட்டி எழுதி வையுங்கள். ஏர் எடுக்கும்போது (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது) மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்தில் உள்ள சக்கரத்தில் தொடங்கி அருகிலுள்ளதில் முடியுங்கள்.

பிரேக் மிதிபலகையில் கைவைத்து அழுத்தினால் முதல் 6 முதல் 12 மி.மீ. வரை எதிர்ப்பே இல்லாமல் இறங்க வேண்டும். இந்தத் தளர்வு குறை அல்ல, அவசியம். தளர்வு இல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுவதும் பின்னுக்கு வராது, அதன் முன்னால் உள்ள சிறு துளை திறக்காது. சூட்டில் விரிந்த ஆயில் திரும்பிப் போக வழியின்றி பிரேக்கைத் தானாகவே அழுத்தத் தொடங்கும். ஐந்து கிலோமீட்டர் நன்றாக ஓடிய வண்டி ஆறாவதில் சக்கரம் இறுகி நின்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஆறவைத்தால் மறுபடி ஓடும், அதனால் பலரும் தவறான இடத்தில் தேடுவார்கள்.

டிரம் பிரேக்கை உடனே டிஸ்க்குக்கு மாற்றச் சொல்லும் அறிவுரை நிறையக் கிடைக்கும். நன்றாகச் சீரமைத்து, நான்கு பக்கமும் சமமாக அட்ஜஸ்ட் செய்த டிரம் பிரேக், அந்த வண்டி போகக்கூடிய வேகத்துக்குப் போதும் என்பதே எங்கள் கருத்து.

இன்ஜின்: சாவியைத் திருப்புவதற்கு முன்

நீண்ட நாள் நின்ற இன்ஜினில் பேட்டரி மாட்டி உடனே செல்ஃப் அடிப்பது, உயிரோடு இருக்கும் இன்ஜினைக் கொல்லும் நேரான வழி. பிஸ்டன் வளையங்கள் சுவரோடு ஒட்டியிருக்கலாம், வால்வு ஒன்று திறந்தபடி இறுகியிருக்கலாம். செல்ஃபின் பலத்துக்கு முன்னால் வளையம் உடையும், தள்ளுகோல் வளையும்.

எல்லா பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் 30 முதல் 50 மி.லி. தானியங்கி கியர்பாக்ஸ் ஆயில் (ஏடிஎஃப்) ஊற்றி நான்கைந்து நாள் விடுங்கள். இறுகிப்போயிருந்தால் அதோடு சம அளவு அசிட்டோன் கலக்கலாம், ஆனால் அருகில் நெருப்பு இருக்கக் கூடாது. பிறகு கிராங்க் முன்முனை நட்டில் நீளக் கைப்பிடி உள்ள ஸ்பேனரை மாட்டி, கையால் மட்டும் அசைத்துப் பாருங்கள். கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே. ஒரு நூல் அசைந்தாலும் போதும், மறுநாள் இரண்டு நூல் அசையும். வால்வு மூடியைத் திறந்து, இன்ஜின் சுழலும்போது எல்லா வால்வும் ஏறி இறங்குகின்றனவா என்று பாருங்கள். ஃபோர்டின் பழைய வி8 போல வால்வுகள் பிளாக்கிலேயே பக்கவாட்டில் இருக்கும் இன்ஜினில் இது அவ்வளவு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. அங்கே அடுத்து வரும் அழுத்தச் சோதனைதான் சொல்லும்.

ஆயிலை வடித்தால் மட்டும் போதாது, ஆயில் தொட்டியையே இறக்குங்கள். அடியில் கறுப்பு வண்டல் களிமண் போல உறைந்திருக்கும். புது ஆயில் அதைக் கரைத்துக் கொண்டுபோய் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். 1953 வரை வந்த செவ்ரோலெயின் 216 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜினில் இது இன்னும் முக்கியம். அதில் கனெக்டிங் ராடின் பேரிங்குகளுக்கு முழு அழுத்தத்தில் ஆயில் போவதில்லை. ராடின் அடியில் உள்ள கரண்டி போன்ற நாக்கு தொட்டியில் உள்ள ஆயிலை அள்ளிக்கொள்கிறது. தொட்டி சுத்தமாக இல்லாவிட்டால் பேரிங் காயும். அந்த இன்ஜினை நெடுஞ்சாலையில் நெடுநேரம் உச்ச வேகத்தில் விரட்டக் கூடாது என்பதற்கும் அதுவே காரணம்.

பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்து, ஆயில் அழுத்தமானி எழும் வரை சுழற்றுங்கள். பிறகு ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து பாருங்கள். கார்புரேட்டர் வாயை முழுவதும் திறந்து வைத்து, ஐந்தாறு சுற்று. எண்ணைவிட அவற்றின் ஒற்றுமை முக்கியம்: மிகக் குறைந்தது, மிக உயர்ந்ததில் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. ஒரு சிலிண்டர் குறைந்தால் அதில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஏறினால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்தே குறைந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. வால்வு என்று தெரிந்தால் பதற வேண்டாம். நின்றதால் ஒட்டிய வால்வு, இன்ஜின் அரை மணி நேரம் மெதுவாக ஓடியபின் தானே சரியாவதுண்டு. அளவு எடுத்த அன்றே இன்ஜினைப் பிரிக்க முடிவெடுக்காதீர்கள்.

பெட்ரோல் விஷயத்தில் ஒரே விதி: பழைய டேங்கைத் தொடாதீர்கள். பல ஆண்டு நின்ற பெட்ரோல் பிசினாகியிருக்கும், டேங்கின் துருவும் அதோடு சேர்ந்திருக்கும். அது ஒருமுறை கார்புரேட்டருக்குள் போனால் அதை முழுவதும் பிரித்துக் கழுவ வேண்டியதுதான். இரண்டு லிட்டர் தனிக் கேனிலிருந்து ஒரு ஹோஸ் போட்டு பெட்ரோல் பம்புக்குக் கொடுங்கள். கேன் சைலன்சர் பக்கம் இருக்கக் கூடாது, தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பழைய பம்பின் ரப்பர் திரை இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்காது. அது கிழிந்தால் பெட்ரோல் நேராக ஆயில் தொட்டிக்குள் இறங்கும். ஆயில் குச்சியில் மட்டம் ஏறியிருந்தாலோ பெட்ரோல் வாசனை வந்தாலோ இன்ஜினை அணைத்துவிடுங்கள். நீர்த்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது.

பிளக்கில் தீப்பொறி வரவில்லையா? பத்தில் எட்டு முறை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) திறந்து மூடும் சிறு மின்தொடர்பான பாயிண்ட்தான் காரணம் என்று வைத்துக்கொண்டே தேடத் தொடங்கலாம். நின்ற காலத்தில் பாயிண்டின் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் படிந்து மின்சாரத்தைத் தடுக்கும். மிக நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பிறகு கெட்டிக் காகிதத்தை இடையில் வைத்து இழுத்துத் துடையுங்கள். காமின் மேடு பாயிண்டை முழுவதும் திறக்கும் நிலையில் நிறுத்தி ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) 0.4 முதல் 0.5 மி.மீ. இடைவெளி வையுங்கள். சரியான எண் உங்கள் இன்ஜின் கையேட்டில் இருக்கும். இடைவெளி மாறினால் தீப்பொறி விழும் நேரமும் மாறும், எனவே டைமிங்கை எப்போதும் அதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும்.

ஆறு வோல்ட் பற்றிய பயம்

ஃபோர்டு பிக்கப்புகள் 1955 வரை ஆறு வோல்ட்டில் ஓடின, 1956இல் பன்னிரண்டுக்கு மாறின. அதோடு அவற்றில் பேட்டரியின் நேர்முனைதான் பாடியில் எர்த் செய்யப்பட்டிருக்கும். பழக்க தோஷத்தில் எதிர்முனையை எர்த் செய்தால் ஆம்ப்மீட்டர் தலைகீழாகக் காட்டும், டைனமோ தகராறு செய்யும். அதே காலத்துச் செவ்ரோலெ ஆறு வோல்ட்டாக இருந்தாலும் எதிர்முனை எர்த். கேபிளைப் பூட்டுமுன் உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள்.

“ஆறு வோல்ட்டில் வண்டி கிளம்பாது” என்ற பேச்சுக்குப் பின்னால் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. 36 வாட் விளக்கு 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் இழுக்கும், 6 வோல்ட்டில் 6 ஆம்பியர். அதே வேலைக்கு இரட்டை மின்னோட்டம். ஆகவே கேபிள் பருமனாக இருக்க வேண்டும், எர்த் இணைப்பு பளபளப்பாக இருக்க வேண்டும். பிற்காலத்தில் யாரோ கடையில் கிடைத்த 12 வோல்ட் கேபிளைப் பூட்டியிருப்பார்கள், அது பாதிப் பருமன்தான் இருக்கும். செல்ஃப் நோஞ்சானாகச் சுற்றும், பழி ஆறு வோல்ட்டின் மேல் விழும். 50 சதுர மி.மீ. கேபிள் போட்டு, பேட்டரியிலிருந்து சேசிஸுக்கும், சேசிஸிலிருந்து இன்ஜினுக்கும் பெயிண்ட் சுரண்டிய வெறும் உலோகத்தில் எர்த் கொடுங்கள். ஓடுவதற்காக மட்டும் 12 வோல்ட்டுக்கு மாற்ற வேண்டிய தேவையே வராது.

துணி சுற்றிய பழைய ஒயரை வளைத்தால் உறை பொடியாக உதிரும். அப்படி உதிர்ந்தால் சில்லறைப் பழுது வேண்டாம், முழு ஒயரிங்கையும் மாற்றுங்கள். பேட்டரியிலிருந்து ஒயரிங்குக்குப் போகும் முதல் கம்பியில் ஒரு ஃபியூஸ் சேருங்கள். அந்தக் காலத்தில் பல வண்டிகளில் அது இல்லை. செல்ஃப் கேபிளில் மட்டும் ஃபியூஸ் போடாதீர்கள்.

ரேடியேட்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிளாக்கின் வடிகால் திருகைக் கழற்றி, பின் சிலிண்டர்களைச் சுற்றி அடைந்திருக்கும் சேற்றைக் குழாய்த் தண்ணீரால் கழுவுங்கள். ரேடியேட்டர் மூடிக்கு மூலத்தில் என்ன அழுத்தமோ அதையே போடுங்கள். அழுத்தமே இல்லாத மூடி இருந்த ரேடியேட்டருக்கு இன்றைய மூடியைப் போட்டால் ஈயப் பற்றவைப்பு விட்டுப்போகும்.

ஸ்டியரிங் ஆட்டத்துக்கு, முன்சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். ஒருவர் பிரேக்கை மிதித்தபடி இருக்கட்டும். ஆட்டம் நின்றால் சக்கர பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் (முன்சக்கரம் திரும்புவதற்கு அச்சாக நிற்கும் முளை). கிரீஸ் முனைகள் எல்லாவற்றையும் கண்டுபிடித்து, பழைய கிரீஸ் வெளியே தள்ளப்படும் வரை புதியது ஏற்றுங்கள். 1500 கிலோமீட்டருக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். டயரில் பட்டன் எவ்வளவு இருந்தாலும் அது பத்து வயதைத் தாண்டியிருந்தால் சாலைக்கு ஆகாது.

துரு: தகட்டை மாற்றுவதற்கு முன் தண்ணீரைத் தேடுங்கள்

வண்டி நிற்கவும் ஓடவும் தொடங்கிய பிறகே டிங்கரிங். இங்கே தொடக்கக்காரர் செய்யும் பெரிய தவறு, ஓட்டையை அடைப்பதோடு நிறுத்திவிடுவது. கேபினின் கீழ் மூலை ஏன் உளுத்தது? முன்கண்ணாடி ரப்பர் கசிந்து, தண்ணீர் உள்சுவர் வழியாக இறங்கி, வடிகால் துளையில் சேறு அடைத்து, அங்கேயே தேங்கியது. ரப்பரையும் துளையையும் சரிசெய்யாமல் புதுத் தகடு போட்டால் அதுவும் அதே வழியில் போகும். ஒரு குவளைத் தண்ணீரை மேலே ஊற்றி அது எங்கே வெளியே வருகிறது என்று பாருங்கள். வராவிட்டால் உள்ளே தங்கியிருக்கிறது.

மேற்பரப்புத் துருவை கம்பித் தூரிகையும் பாஸ்பாரிக் அமிலமும் பார்த்துக்கொள்ளும். சிறு பாகங்களுக்கு மின்பகுப்பு அருமையான முறை: பிளாஸ்டிக் தொட்டியில் நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, பேட்டரி சார்ஜரின் எதிர்முனை துருப்பிடித்த பாகத்துக்கு, நேர்முனை ஒரு வெறும் இரும்புத் துண்டுக்கு. ஓரிரவில் துரு கரிப்பொடியாகக் கழன்று வரும், நல்ல உலோகம் கரையாது. இரும்புத் துண்டுக்குப் பதில் எவர்சில்வர் போட்டால் நச்சு குரோமியம் தண்ணீரில் கலக்கும், எனவே கூடவே கூடாது. ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் திறந்த வெளியில் செய்யுங்கள். ஸ்பிரிங்குகளை இதில் போடாதீர்கள், ஹைட்ரஜன் புகுந்து அவை நொறுங்கும் தன்மை பெறும்.

ஓட்டை விழுந்த இடத்தில், சுற்றிலும் கெட்டியான தகடு வரும் வரை வெட்டி எடுக்க வேண்டும். மெல்லிய தகட்டில் பற்றவைப்பு பிடிக்காமல் ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகிறதென்றால் நீங்கள் போதுமான அளவு வெட்டவில்லை. கதவுப் படியை வெட்டும் முன், கதவு வாசலின் குறுக்கே இரும்புச் சட்டம் ஒன்றைத் தற்காலிகமாகப் பற்றவையுங்கள். இல்லாவிட்டால் கேபின் சில மில்லிமீட்டர் உட்கார்ந்துவிடும், அப்புறம் கதவு எந்தக் காலத்திலும் சரியாக மூடாது. ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்தையும் வெட்டாதீர்கள். முழுவதும் பற்றவைக்கும் முன் கதவை மாட்டி மூடிப் பாருங்கள்.

இந்த வண்டிகளின் தகடு ஏறக்குறைய 1.2 மி.மீ. தடிமன். மிக் (MIG) வெல்டிங்கில் 0.6 மி.மீ. கம்பி போதும். நீளமாக இழுத்துப் பற்றவைத்தால் தகடு அப்பளம் போல நெளியும், ஏனென்றால் உருகிய கோடு ஆறும்போது சுருங்கிச் சுற்றியுள்ள தகட்டை இழுக்கிறது. ஒரு புள்ளி, 25 மி.மீ. தள்ளி எதிர்ப்பக்கம் இன்னொரு புள்ளி, பிறகு வேறொரு மூலை. கை வைத்தால் சுடாத அளவு ஆறியபின் இடைவெளிகளை நிரப்புங்கள். ஒரு முழத் தையலுக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

பற்றவைக்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். 1960களின் செவ்ரோலெ சி-10 போன்ற பிக்கப்புகளில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள் இருக்கைக்குப் பின்னாலேயே இருக்கிறது. டேங்கை வெளியே எடுத்துத் தொலைவில் வைக்காமல் கேபினில் தீப்பொறி எழுப்பக் கூடாது. பாகத்தைத் துடைக்க குளோரின் கலந்த பிரேக் கிளீனரையும் பயன்படுத்தாதீர்கள். வெல்டிங் வெப்பத்தில் அது பாஸ்ஜீன் என்ற கொடிய நச்சுவாயுவாக மாறும்.

தகடு ஆறியபின் வெறும் உலோகத்தின் மேல் எபாக்ஸி பிரைமர், அதன் மேல் பட்டி, அதுவும் 3 மி.மீ.க்கு மிகாமல். இணைப்புகளில் சீலர், மூடிய உட்பகுதிகளில் மெழுகுத் தெளிப்பு. இந்த மெழுகுதான் யாரும் பார்க்காத வேலை. வண்டியின் ஆயுளை நீட்டுவதும் அதுதான். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும், அதனால் உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். கடினமாக்கி கலக்கும் இரண்டு பகுதிப் பெயிண்டுகளில் ஐசோசயனேட் என்ற நச்சு உண்டு. சாதாரண முகமூடி அதைத் தடுக்காது, வெளிக்காற்று குழாயில் வரும் முகக்கவசம் வேண்டும். அது இல்லையென்றால் அந்தக் கட்டத்தை மட்டும் பெயிண்ட் கூடத்தில் கொடுத்துவிடுவதே மேல்.

சரக்குப் பெட்டியின் மரத்தரையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 20 மி.மீ. பலகைகளை உலோகப் பட்டைகள் பிடித்திருக்கும். பலகைகளுக்கு நடுவே 3 மி.மீ. இடைவெளி விடாமல் நெருக்கினால் மழைக்காலத்தில் மரம் உப்பிப் பட்டைகளை வளைத்துவிடும். அடிப்பக்கத்துக்கும் வெட்டுமுனைகளுக்கும் பூட்டுவதற்கு முன்பே எண்ணெய் பூசுங்கள், ஈரம் முதலில் நுழைவது வெட்டுமுனையில்தான்.

முதல் 80 கிலோமீட்டர் ஓடியதும் வண்டியை மறுபடி ஸ்டாண்டில் ஏற்றுங்கள். சக்கர நட்டுகள், லீஃப் ஸ்பிரிங்கின் யு போல்ட்டுகள், கேபின் பிடிமான போல்ட்டுகள் அனைத்தையும் மீண்டும் முறுக்குங்கள். புது ரப்பரும் புது கேஸ்கெட்டும் அழுந்தி உட்கார்ந்திருக்கும், நட்டு கால் சுற்றாவது கேட்கும். பிரேக் குழாய் இணைப்புகளைக் காய்ந்த வெள்ளைக் காகிதத்தால் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பாருங்கள். காகிதத்தில் ஈரக்கறை பட்டால் அந்த இணைப்பைச் சரிசெய்யும் வரை வண்டி நகரக் கூடாது.